இல்லாத பிள்ளைங்களுக்கு மார்க் போடச் சொல்லாதீங்க: எங்க பி.எட். காலேஜுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும், கற்றல் மதிப்பீடு பாடம் எடுக்குற மேடம், சார் எல்லாருக்கும், இந்தப் பாடத்திட்டத்த எழுதுற பல்கலைக்கழகக் குழுவுக்கும்,

போன வாரம் எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு அறிவிப்பு போட்டீங்க. அடைவுத் தேர்வு ரெக்கார்ட்ல, அதாவது ஸ்கூல்ல நாங்க ஒரு பாடத்துல டெஸ்ட் வெச்சு மார்க்கோட எழுதிக் குடுக்குற நோட்டுல, குறைஞ்சது 30 மாணவர்களோட மதிப்பெண் பட்டியல் இருக்கணும், அதுக்குக் கீழ இருந்தா கையெழுத்து கிடையாது, கையெழுத்து இல்லாத ரெக்கார்ட் பிராக்டிகல் எக்ஸாமுக்குப் போகாதுன்னு. நான் டீச்சிங் பிராக்டிஸ் போன, நீலகிரியில பந்தலூர் பக்கத்து ஸ்கூல்ல ஆறாங்கிளாஸ்ல மொத்தமே 11 பிள்ளைங்க தான். இத நேர்ல வந்து சொன்னப்போ கிடைச்ச பதில், "மீதிய நீயே போட்டுக்கோம்மா, வருஷா வருஷம் எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

என்னால அதப் பண்ண முடியாது. எழுத்துல மனு குடுத்தேன், அதுக்கும் பதில் வரல, அதனால தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன். இது யார் மேலயும் கோபத்துல எழுதுறது இல்ல, எனக்கு இந்தப் பாடம் பிடிச்சிருந்ததால தான் இவ்வளவு வலிக்குது.

பிடிச்சிருந்ததுன்னு சும்மா சொல்லல மேடம். ஒரு நாள் நீங்க ஒரே பத்து மார்க் விடைத்தாள ஜெராக்ஸ் எடுத்து கிளாஸ்ல எல்லாருக்கும் குடுத்து பக்கத்துல பாக்காம திருத்தச் சொன்னீங்க, ஒருத்தர் 3 போட்டாங்க, இன்னொருத்தர் 8 போட்டாங்க, அப்போ கிளாஸே அமைதியாயிடுச்சு. அப்புறம் சொன்னீங்க, 1912லயே அமெரிக்காவுல ஸ்டார்ச், எலியட்னு ரெண்டு பேர் ஒரே விடைத்தாள நூத்துக்கும் மேல டீச்சர்ஸ்கிட்ட அனுப்பி இதே மாதிரி மார்க் எங்கயோ ஏறி எங்கயோ இறங்குறதக் காட்டினாங்கன்னு. நம்பகத்தன்மைன்னா, அதாவது யார் திருத்தினாலும் ஒரே மார்க் வரணும்ங்கறதுன்னா, என்னன்னு எனக்கு அன்னைக்குத் தான் புரிஞ்சுது, நோட்ஸ்ல இருந்த டெஃபனிஷன்ல புரியல. நான் பன்னெண்டாங்கிளாஸ் வரைக்கும் வாங்கின ஒவ்வொரு மார்க்கையும் அன்னைக்கு ராத்திரி திரும்ப நெனச்சுப் பாத்தேன். அப்படி ஒரு வகுப்பு எடுத்தவங்க தான் இப்போ 19 பிள்ளைங்கள கற்பனை பண்ணி மார்க் போடுன்னு சொல்றீங்க.

ஊட்டி டவுன்ல பெரிய எய்டட் ஸ்கூல் கிடைச்சவங்களுக்கு இந்தப் பிரச்சனை வராது, அங்க ஒரு செக்‌ஷன்லயே 35, 40 பேர் இருப்பாங்க. மஞ்சூர், சேரம்பாடி, தேவாலா, கோத்தகிரிக்குக் கீழ இருக்குற ஊர்கள்னு போனவங்க எல்லாருக்கும் என் கதை தான். இந்த மலையில ஸ்கூல் சின்னதா இருக்குறதுக்குக் காரணம் உங்களுக்குத் தெரியாதது இல்ல. எங்க பக்கம் டேன்டீ, அதாவது அரசுத் தேயிலைத் தோட்டங்கள், 1968ல ஆரம்பிச்சதே சிறீமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையில இருந்து வந்த எங்க தாத்தா பாட்டி தலைமுறைக்கு வேலை குடுக்கத் தான், அந்தத் தோட்டத்து லயன் வீடுகள்ல இருந்த குடும்பங்கள்ல பாதி இப்போ திருப்பூர், கோயம்புத்தூர்னு இறங்கிட்டாங்க. மிச்சம் இருக்குற பிள்ளைங்களுக்கும் பாடியில, அதாவது பழங்குடிக் குடியிருப்புல, இருந்து வர்ற பணியர் பிள்ளைங்களுக்கும் அந்த ஸ்கூல் மட்டும் தான் இருக்கு. கல்வி உரிமைச் சட்ட விதிகள்லயே தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டர்லயும் நடுநிலை 3 கிலோமீட்டர்லயும் இருக்கணும்னு தான சொல்லியிருக்கு, யானை நடமாடுற ரோட்டுல பத்து வயசுப் பிள்ளை அதுக்கு மேல எப்படி நடக்கும். 11 பேர் இருக்குற கிளாஸ் எங்க ஊர்ல சாதாரண கிளாஸ். அதக் குறை உள்ள கிளாஸா ஒரு ரெக்கார்ட் ஃபார்மட் முடிவு பண்ணுது.

இப்போ ஹாஸ்டல்ல என்ன நடக்குதுன்னு சொல்றேன், யார் பேரும் சொல்ல மாட்டேன். சீனியர் ரெக்கார்ட் ஒண்ணு ரூம் ரூமா சுத்துது. அதப் பாத்து ராத்திரி உக்காந்து இல்லாத பிள்ளைங்களுக்குப் பேர் யோசிக்கிறாங்க, ஒவ்வொரு பேருக்கும் 25க்கு ஒரு மார்க் போடுறாங்க, சராசரி நடுவுல வரணும், எந்த மார்க் எத்தன பேர்னு காட்டுற ஃப்ரீக்வென்சி பாலிகன் வரைபடம் ரெண்டு பக்கமும் அழகா இறங்கணும், வரலன்னா ரெண்டு பிள்ளைங்க மார்க்க மாத்திடுறாங்க. மார்க் சராசரியில இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு சொல்ற திட்ட விலக்கம் நாலு டெசிமல் வரைக்கும் கால்குலேட்டர்ல சரியாப் போடுறாங்க. அவங்க மோசமானவங்க இல்ல, வீட்டுல கடன் வாங்கிப் படிக்க வெச்சிருக்காங்க, கையெழுத்து வேணும், அவ்வளவு தான். ஆனா கணக்கு சரியா இருக்குற அந்தப் பக்கத்துல ஒரு உண்மை கூட இல்ல மேடம், அதுக்குத் தான் நீங்க டிக் போட்டு கையெழுத்து போடுறீங்க.

என் ரெக்கார்ட்ல என்ன இருக்குன்னு யாரும் இதுவரைக்கும் உள்ள பாக்கல, எண்ணிக்கையப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டீங்க. அதனால இங்க சொல்றேன்.

பின்னங்கள் பாடத்துல தேர்வு வெச்சேன். வினாத்தாளுக்கான திட்டம், ப்ளூபிரிண்ட், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே போட்டேன், அறிதல், புரிதல், பயன்படுத்துதல் எல்லாத்துக்கும் வெயிட்டேஜ் பிரிச்சேன். 11 பேர்ல 4 பேர் 1/2 + 1/3 = 2/5ன்னு எழுதியிருந்தாங்க. மார்க் பட்டியல்ல அந்தக் கேள்விக்கு அந்த நாலு பேரும் வெறும் சைபர். கூப்பிட்டு எப்படிப் போட்டன்னு கேட்டேன், "மேல இருக்குறதக் கூட்டினேன், கீழ இருக்குறதக் கூட்டினேன் டீச்சர்"னு நாலு பேரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சொன்னாங்க. அது கவனக்குறைவு இல்லன்னு அப்போ தெரிஞ்சுது, அவங்ககிட்ட ஒரு விதி இருக்கு, தப்பான விதி, அத நேர்மையா எல்லாக் கணக்குக்கும் போட்டிருக்காங்க. அரை தேங்காயோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரையை விடக் குறையுமான்னு கேட்டதுக்கு அப்புறம் தான் ஒருத்தன் 2/5 பாதிக்கும் கீழன்னு தானே கண்டுபிடிச்சான். அடுத்த வாரம் குறைதீர் கற்பித்தல் அங்க இருந்து தான் ஆரம்பிச்சேன்.

இன்னொரு கேள்வி. "ஒரு விவசாயி தன் நிலத்தில் 1/2 பங்கில் நெல்லும் 1/3 பங்கில் கரும்பும் பயிரிட்டார் எனில் மீதமுள்ள நிலம் எவ்வளவு பங்கு?" பாடியில இருந்து வர்ற ஒரு பொண்ணு இத அப்படியே வெள்ளையா விட்டுட்டா. வீட்டுல அவங்க பேசுறது பணியர் மொழி, ஸ்கூல்ல தமிழ் பேசுவா, ஆனா அந்தக் கேள்வியில இருக்குற தமிழ் யார் வீட்டுலயும் பேசுற தமிழ் இல்ல, கரும்புத் தோட்டம் அவ பாத்ததும் இல்ல. சாயங்காலம் கிரவுண்ட்ல குச்சியால ஒரு கட்டம் போட்டு, இது ஒரு தோட்டம், பாதி தேயிலை, மூணுல ஒரு பங்கு காப்பி, மிச்சத்துல குறுமிளகு போடணும், எவ்வளவு இருக்கும்னு கேட்டேன். முதல்ல நாலாப் பிரிச்சா, மூணுல ஒரு பங்கு வரல, அவளே அழிச்சா, கொஞ்ச நேரம் யோசிச்சா, ஆறாப் பிரிச்சா. மூணு தேயிலைக்கு, ரெண்டு காப்பிக்கு, "ஒண்ணு தான் மிச்சம் டீச்சர், ஆறுல ஒண்ணு"ன்னா.

பொது மடங்கு எடுக்குறதுன்னா என்னன்னு டவுன்ல டியூஷன் போற பிள்ளைங்க எத்தன பேருக்கு இவ்வளவு தெளிவாத் தெரியும்னு எனக்கு சந்தேகம். ஆனா என் பட்டியல்ல அந்தக் கேள்விக்கு அவ மார்க் சைபர். ஏற்புடைமைன்னு ஒரு யூனிட் நடத்தினீங்களே, எத அளக்கணுமோ அதத் தான் அளக்குதான்னு, அந்தக் கேள்வி அவளோட பின்ன அறிவ அளக்கல, பாடப்புத்தகத் தமிழ அளந்திருக்கு. இத என் ரெக்கார்ட்ல மூணு பக்கம் எழுதியிருக்கேன், மாத்தி எழுதின கேள்வியும் அதுல இருக்கு. 30 பேர் பட்டியல் போடணும்னா இந்த மூணு பக்கத்துக்கு இடம் இல்ல, கற்பனையாப் போட்ட பிள்ளை யாரும் நாலாப் பிரிச்சு அழிச்சுட்டு ஆறாப் பிரிக்கப் போறதும் இல்ல.

சரி, புள்ளியியலுக்கு எண்ணிக்கை வேணுமேன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி தான், நானும் கணக்கு மேஜர் தான், யோசிச்சுத் தான் எழுதுறேன். ஒரு கேள்வி நல்ல கேள்வியான்னு பாக்குற வினாப் பகுப்பாய்வுக்கு மார்க் வரிசையில மேல் 27%, கீழ் 27% பேர எடுக்கணும்னு படிக்கிறோம், அது 1939ல கெல்லி பெரிய கூட்டத்துக்குச் சொன்ன கணக்கு. 11 பேர்ல 27%ன்னா மேல 3 கீழ 3. ஒரே ஒரு பிள்ளை அன்னைக்குக் காய்ச்சலோட எழுதினா மேல இருக்குறவங்களையும் கீழ இருக்குறவங்களையும் கேள்வி எவ்வளவு பிரிச்சுக் காட்டுதுன்னு சொல்ற வேறுபடுத்தும் திறன் குறியீடு 0.33 மாறிடும், நல்ல கேள்வின்னு வெச்சிருந்தது நீக்க வேண்டிய கேள்வி ஆயிடும். ஆமா, 11 பேருக்கு அந்தக் கணக்கு அர்த்தம் இல்லாதது, ஒத்துக்கறேன். ஆனா 30 பேருக்கு மட்டும்? மேல 8, கீழ 8, ஒரு பிள்ளை மாறினா 0.125 நகரும், 0.20க்குக் கீழ போனா கேள்விய நீக்குன்னு சொல்ற அளவுகோலுக்கு அது சின்ன ஆட்டமா? அப்போ 30ங்கற எண் எங்க இருந்து வந்துச்சு, மாதிரி ரெக்கார்ட்ல 30 வரிசை கோடு போட்டிருந்துச்சு அதனால தானா?

சின்ன கிளாஸுக்கு வேற வழி இருக்கு. இடைநிலை, வீச்சு இதெல்லாம் 11 பேருக்கும் தாராளமாப் போடலாம், மார்க் வரிசையில ஆறாவது பிள்ளையோட மார்க் தான் இடைநிலை, அதிக மார்க்குக்கும் குறைஞ்ச மார்க்குக்கும் உள்ள வித்தியாசம் தான் வீச்சு. அதுக்கு மேல ஒவ்வொரு பிள்ளையோட தப்பையும் வகை பிரிச்சு எழுதலாம். கல்வி உளவியலாளர் க்ளேசர் 1963லயே சொல்லிட்டார் இல்ல, பிள்ளைய மத்த பிள்ளைங்களோட ஒப்பிட்டும் அளக்கலாம், பிள்ளைக்கு எது வருது எது வரலன்னு இலக்கோட ஒப்பிட்டும் அளக்கலாம்னு, அத நீங்க தான் போர்டுல ரெண்டு காலம் போட்டு நடத்தினீங்க. 11 பேர் இருக்குற கிளாஸுக்கு ரெண்டாவது தான் பொருந்தும். நாளைக்கு நாங்க வேலைக்குப் போற மலை ஸ்கூல்லயும் அது தான் உதவும்.

வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் ஒரே மாதிரி ரெக்கார்ட் எதிர்பார்ப்பாங்க, காலேஜுக்குத் தான் கெட்ட பேர் வரும்னு ஒரு சார் வருத்தத்தோட சொன்னார். அவர் நெலமை புரியுது. ஆனா வைவாவுல கேட்டா நாங்க பதில் சொல்றோம் சார், ஏன் 11 பேர்னு கேட்டா சொல்லத் தெரியும், ஏன் இந்தப் பிள்ளை இந்தத் தப்பு பண்ணினான்னு கேட்டாலும் சொல்லத் தெரியும். கற்பனைப் பட்டியல் வெச்சிருக்குறவங்கள அதே கேள்வி கேட்டா அவங்க என்ன சொல்லுவாங்க?

எனக்கு உண்மையா பயம் இதுல தான். பி.எட்.ட ஒரு வருஷத்துல இருந்து ரெண்டு வருஷமா மாத்தி, ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் என்.சி.டி.இ. 2014 விதிகள்ல ரெண்டாம் வருஷம் 16 வாரம் ஸ்கூல்லயே இருக்கணும்னு கொண்டு வந்தது பிள்ளைங்களோட இருந்து கத்துக்கத் தான. அந்த 16 வாரத்துல நாங்க கத்துக்கறது மார்க்க உக்காந்த எடத்துலயே உருவாக்கலாம்ங்கறதுன்னா, வேலைக்குப் போன அப்புறமும் அதத் தான் செய்வோம். தமிழ்நாட்டுல முப்பருவ முறை வந்தப்போ வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60ன்னு பிரிச்சாங்க, அந்த 40 பிள்ளைங்க தினமும் செய்யுறதப் பாத்துப் போட வேண்டிய மார்க். அதப் பருவக் கடைசியில ஒரே மத்தியானத்துல நிரப்புறத நாங்க எல்லாரும் மாணவரா இருந்தப்போ பாத்திருக்கோம். தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்துச்சு, பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு நெலை பாத்து அதுக்கேத்த மாதிரி சொல்லிக் குடுக்கணும். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பிள்ளைய மேல் நெலையான மலர்னு ஒரு டீச்சர் பதிவு பண்ணிட்டா அந்தப் பிள்ளைக்கு அதுக்கப்புறம் யாரும் எழுத்து சொல்லித் தர மாட்டாங்க. தப்பு மார்க்னால ஒரு பிள்ளைக்கு நடக்குறது இது தான். அந்தப் பழக்கம் இங்க, நம்ம காலேஜ்ல, உங்க கையெழுத்தோட ஆரம்பிக்க வேண்டாம்.

இதோட சேந்த இன்னொண்ணும் சொல்லிடுறேன். ரெண்டு வருஷத்துல நாங்க குடுத்த ரெக்கார்ட், அசைன்மென்ட் எதுலயும் எங்களுக்கு ஒரு வரி எழுதிக் குடுத்தது இல்ல. டிக், கையெழுத்து, தேதி. இன்டர்னல் மார்க் எதுக்கு எவ்வளவுன்னு அப்லோட் ஆனதுக்கு அப்புறமும் தெரியாது. ஆனா எக்ஸாமுக்கு நாங்க பிளாக், வில்லியம்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1998ல எழுதினதப் பத்தி பத்து மார்க்குக்கு மனப்பாடம் பண்றோம், தப்ப எப்படித் திருத்திக்கறதுன்னு பிள்ளைக்குச் சொல்றது தான் மதிப்பீட்டோட உயிர்னு எழுதி மார்க் வாங்குறோம். ரூத் பட்லர் 1988ல பண்ண ஆய்வும் சிலபஸ்ல தொட்டுட்டுப் போனீங்க, சில பிள்ளைங்களுக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு ரெண்டும் குடுத்ததுல குறிப்பு மட்டும் வாங்கினவங்க தான் முன்னேறினாங்க, ரெண்டும் வாங்கினவங்க மார்க் மட்டும் வாங்கினவங்க மாதிரியே நின்னுட்டாங்க. எங்களுக்கு மார்க்கும் தெரியல, குறிப்பும் இல்ல. நீங்க எல்லாரும் எத்தன பேப்பர் பாக்குறீங்க, கெஸ்ட் லெக்சரர் மேடம் ரெண்டு காலேஜுக்கு ஓடுறாங்க, தெரியும். எல்லாத்துக்கும் எழுத வேண்டாம், ஒண்ணுக்காவது எழுதுங்க.

மழை நாள் டெஸ்ட் விஷயமும் இருக்கு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ரோடு எப்போ விழும்னு யாருக்கும் தெரியாது, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பெய்ஞ்சது இந்த மலையில தான். பஸ் வராம டெஸ்டுக்கு வர முடியாதவங்களுக்கு இந்த வருஷமும் இன்டர்னல்ல சைபர் போட்டிருக்கீங்க. மண்சரிவுக்குப் போட்ட சைபர் அந்த ஸ்டூடண்ட்டுக்கு எவ்வளவு தெரியும்னு எதையும் சொல்லாது.

அதனால நான் கேக்குறது இது தான். அந்த 30 பேர் அறிவிப்ப வாபஸ் வாங்குங்க. ஸ்கூல்ல எத்தன பிள்ளைங்க இருந்தாங்களோ அத்தன பேர் பட்டியலோட ஹெச்.எம். கையெழுத்து போட்டுக் குடுத்தா அந்த ரெக்கார்ட ஏத்துக்கோங்க, 20க்குக் கீழ இருந்தா பாலிகனுக்கும் வேறுபடுத்தும் திறனுக்கும் பதிலா பிள்ளை வாரியாப் பிழைப் பகுப்பாய்வு எழுதலாம்னு எழுத்துல சொல்லுங்க. கூட்டம் கட்டாயம் வேணும்னா பக்கத்துப் பக்கத்து ஸ்கூல் போன ரெண்டு மூணு பேர் ஒரே வினாத்தாள வெச்சு உண்மையான மார்க்கச் சேத்துக்க அனுமதி குடுங்க, சேரம்பாடிக்கும் பந்தலூருக்கும் போனவங்க அத சந்தோஷமாச் செய்வோம். ஏற்கனவே நிரப்பிட்டவங்கள தண்டிக்க வேண்டாம், அவங்க பட்டியல உண்மைப் பட்டியலா மாத்திக்க ஒரு வாரம் டைம் குடுங்க, ஸ்கூல்ல எழுதின விடைத்தாள் எல்லார்கிட்டயும் இருக்கு.

ரெக்கார்டத் திருப்பித் தரும்போது மார்க் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு வரி எழுதிக் குடுங்க, அதப் பாத்துத் திருத்தி மறுபடி குடுக்க ஒரு வாய்ப்பு வேணும். இன்டர்னல் மார்க் அப்லோட் பண்றதுக்கு முன்னாடி பிரிச்சு நோட்டீஸ் போர்டுல போடுங்க. கலெக்டர் லீவு விட்ட தாலுகாவுல இருந்து வர முடியாதவங்களுக்கு மறுதேர்வு வைங்க.

பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு கோரிக்கை. மதிப்பீட்டுத் தாள்ல ஒரு பகுதியாவது மனப்பாடத்துக்கு இல்லாம வைங்க. ஒரு பிள்ளையோட உண்மையான விடைத்தாளக் குடுத்து, இந்தப் பிள்ளை எங்க தடுமாறுது, நாளைக்கு என்ன சொல்லிக் குடுப்பன்னு கேளுங்க. சின்ன கிளாஸ், பல வகுப்பு ஒண்ணா உக்கார்ற அறை, வீட்டுல வேற மொழி பேசுற பிள்ளைங்க, இவங்கள எப்படி மதிப்பிடுறதுன்னு ஒரு யூனிட் சேருங்க. நீலகிரியில மட்டும் இல்ல, ஜவ்வாது மலை, கொல்லிமலை, பழனி மலைன்னு எல்லா இடத்துலயும் டீச்சர்ஸ் அந்த கிளாஸ்ல தான் நிக்கிறாங்க.

ரெக்கார்ட் குடுக்க கடைசி நாளுக்கு முன்னாடி, வாட்ஸ்அப்ல இல்லாம காலேஜ் லெட்டர்ஹெட்ல, எல்லாருக்கும் பொதுவா ஒரு பதில் வேணும். அது வரைக்கும் என் ரெக்கார்ட 11 பேரோட அப்படியே வெச்சிருக்கேன், எந்தப் பக்கத்தையும் மாத்தல, எப்போ கூப்பிட்டாலும் கொண்டு வந்து காட்டுறேன்.

இப்படிக்கு,
பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம்
பந்தலூர்